இரண்டு உலகம்மாள்கள்

பேருக்கு முன்னால் நிற்கிற ஒற்றை எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்கு மத்தியானம் முழுக்க ஓடப்போகிறது என்று, சாப்பிட்ட தட்டைக் கழுவும்போதே செண்பகவல்லிக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்து என்ன செய்ய, தட்டைக் கவிழ்த்தாள், ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள், வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே சாரல் காற்று வந்தது. குற்றாலத்தில் சீசன் என்றால் பாளையங்கோட்டைக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு. வெயில் அடிக்கும், ஆனால் சுடாது. பிள்ளை பள்ளிக்கூடத்தில், அவர் ஜங்ஷனில் பம்புசெட்டுக் கடையில், வீடு அவளுக்கே அவளுக்கு. இந்த நேரம் மாதிரி ஒரு நேரம் உண்டா? மின்விசிறி சுத்துது, வயிற்றில் புளிக்குழம்பு இருக்குது, திரையில் ஒரு பழைய புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் விரிந்து கிடக்குது. துணைநூற்பட்டியல். மற்றவர்கள் புத்தகத்தை முன்னாலிருந்து படிப்பார்கள், செண்பகவல்லிக்குச் சம்பளமே பின்னாலிருந்து படிக்கத்தான். சென்னையில் இருக்கிற மின்நூலகம் ஒன்று பழைய ஆராய்ச்சிப் புத்தகங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறது. அதில் ஒவ்வொரு நூற்குறிப்பையும் எடுத்து, இது ஆசிரியர், இது தலைப்பு, இது ஊர், இது ஆண்டு என்று துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று டேக் போட்டுக் கட்டவேண்டும். பூக்கட்டுகிற வேலைதான், என்ன, நார் கண்ணுக்குத் தெரியாது. கட்டி முடித்தால் உலகத்தின் எந்த மூலையில் உட்கார்ந்து எவர் தேடினாலும் அந்த ஆசிரியர் எழுதினது அத்தனையும் ஒரே இடத்தில் வந்து விழும். அவளுக்கு இந்த வேலை பிடிக்கும். பிடிக்கும் என்றால் சும்மா இல்லை, காலையில் இட்லிக்கு மாவு ஊற்றும்போதே நேற்று விட்ட வரி ஞாபகத்துக்கு வருகிற அளவுக்குப் பிடிக்கும்.

ஆனால் அந்த ஒற்றை எழுத்து இருக்கிறதே! இந்த டேக் முறையைக் கண்டுபிடித்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். அவர்களுக்கு ஒவ்வொரு மனுசனுக்கும் ஒரு குடும்பப்பெயர் உண்டு, அதற்கென்று ஒரு பெட்டி வைத்துவிட்டார்கள். நமக்கு ஏது? சேர்ந்த புதிதில் செண்பகவல்லி அந்தப் பெட்டி காலியாக இருக்கிறதே என்று பாவப்பட்டு, இனிஷியலை எடுத்து அதில் போட்டுவிட்டாள். மறுநாள் பார்த்தால் மு. என்று ஒரே குடும்பம், அதில் முருகேசன் மகனும் முனியாண்டி மகளும் முகம்மது பையனும் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக! சென்னையில் அவளுக்கு மேலே இருக்கிற ஹேமலதா மேடம் போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "எம்மா, நீ ஒரே நாள்ல தமிழ்நாட்டையே சம்பந்தி ஆக்கிட்டியேம்மா." அதற்குப் பிறகு மேடம் சொல்லிக்கொடுத்த சட்டம் இரண்டு. அந்தப் பெட்டியைக் காலியாக விடு. இரண்டாவது, ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு எண் கொடு, ஒரே ஆள் என்று சந்தேகமறத் தெரிந்தால் மட்டும் ஒரே எண், சந்தேகம் இருந்தால் பிரித்தே வை. பிரித்தே வை. சரிதான், சேர்த்துவிட்டுத் தப்பாகப் போனால் ஒருத்தி எழுதினதை இன்னொருத்தி தலையில் கட்டின பாவம் வரும். பிரித்து வைத்துத் தப்பாகப் போனால்? அதற்கு மேடம் ஒன்றும் சொல்லவில்லை.

இதோ இருக்கிறாள். வெ. உலகம்மாள், நாற்றங்கால் பாட்டுகள், ஏதோ ஒரு மாத இதழின் பேர், தென்காசி, 1968. ஆசிரியர், கட்டு. தலைப்பு, கட்டு. ஆண்டு, கட்டு. ஏழெட்டுப் பக்கம் முன்னால், இந்தப் புத்தகத்துக்காரர் பட்டியலை இனிஷியல் வரிசையில் அடுக்கினதால் எங்கேயோ தள்ளிப்போய், இன்னொருத்தி. சு. உலகம்மாள், களத்துமேட்டுக் கதைகள், 1981. இரண்டு எண், இரண்டு ஆள், முடிந்தது வேலை என்று போயிருப்பாள். தென்காசிப் பக்கம் உலகம்மாளுக்கா பஞ்சம், தெருவுக்கு நாலு உலகம்மாள். ஆனால் புத்தகத்தின் நடுவில் ஒரு அடிக்குறிப்பில், களத்துமேட்டுக் கதைகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிறவர் போகிற போக்கில், நாற்றங்கால் பாட்டுகளைத் தொகுத்த அதே கைதான் இது என்று தெரிகிறது, என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். தெரிகிறது என்றால் எப்படி ஐயா தெரிகிறது? தெரிந்தால் பட்டியலில் சேர்த்துப் போடவேண்டியதுதானே? காலையிலிருந்து செண்பகவல்லி அந்த அடிக்குறிப்பை முறைத்துக்கொண்டிருக்கிறாள். வெ. அப்பா. சு. புருஷன். அறுபத்தெட்டுக்கும் எண்பத்தொன்றுக்கும் நடுவில் ஒரு கல்யாணம். அவ்வளவுதான் நடந்திருக்கும். ஒரு மேளம், ஒரு தாலி, பத்துப் பேர் அட்சதை போட்டார்கள், எழுதினவள் இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பக்கமாகப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொண்டாள். நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருந்தது. இல்லையென்றால் இவள் வேறு, அவள் வேறு. அப்படியும் இருக்கலாம். இருக்கலாம்தான்.

இதில் இவளுக்கு என்ன இவ்வளவு பதைப்பு என்று கேட்டால், கேட்கவேண்டிய கேள்விதான். மெயிலைத் திறந்து பார்க்கக்கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கை தானாகப் போய்த் திறந்தது. காலையில் வந்ததுதான், புதிதாக ஒன்றும் இல்லை. அவளுடைய முதல் கட்டுரை, சாலையோரத்துச் சுமைதாங்கிக் கற்களைப் பற்றி, ஆராய்ச்சி இதழ் ஒன்றில் வரப்போகிறது. இதழாசிரியர் லூர்துசாமி எழுதியிருக்கிறார், அம்மா, இன்று மாலை நாலு மணிக்குப் பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன, நீங்கள் வெறும் செண்பகவல்லி என்று அனுப்பியிருக்கிறீர்கள், எங்கள் இதழில் முதலெழுத்து இல்லாமல் போடும் வழக்கம் இல்லை, எப்படிப் போடட்டும், பதில் வராவிட்டால் ஆதாரில் உள்ளபடி கோ. என்றே போட்டுவிடுகிறேன். வெறும் செண்பகவல்லி என்று அனுப்பினது அவளுடைய சாமர்த்தியம். அப்பாவின் பி. என்றும் போடாமல் புருஷனின் கோ. என்றும் போடாமல் நைசாக நழுவப் பார்த்தாள். எங்கே நழுவ? ஒருதரம் அச்சில் ஏறிவிட்டால் அதுதான் பேர். நாளைக்கு எவளோ ஒருத்தி இவளைப் போலவே உட்கார்ந்து அதற்கு டேக் கட்டுவாள், எண் கொடுப்பாள், அதற்கப்புறம் மாற்ற முடியாது என்று இந்த ஊரிலேயே செண்பகவல்லியைத் தவிர யாருக்கு நன்றாகத் தெரியும்? பி. வேண்டும். அவளுக்கு பி.தான் வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கற்களைத் தேடி கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் ரோட்டிலும் கயத்தாறு ரோட்டிலும் வெயிலில் அலைந்தவள் பி. செண்பகவல்லி. பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்தவளுக்கு நட்ட கல் என்று ஒவ்வொரு ஊரிலும் கேட்டுக் கேட்டு எழுதினவள் அவள்தான். அப்பா பிச்சையா, மின்வாரியத்தில் லயன்மேன், பரீட்சை முடிவு ஒட்டுகிற அன்றைக்கு டூட்டி பேன்ட்டோடு காலேஜுக்கு சைக்கிளில் வந்து, கம்பத்தில் ஏறுகிற அந்தக் காய்ப்புப் பிடித்த விரலை நோட்டீஸ் போர்டில் ஒவ்வொரு பேராக வைத்து இறக்கிக்கொண்டே வந்து, பி. செண்பகவல்லியில் நிறுத்துவார். இருக்குட்டி, என்பார். அந்தப் பேர்தான் வேண்டும்.

சொல்லிவிடவேண்டியதுதானே? அங்கேதான் முட்டுகிறது. கோமதிநாயகம் ஒரு கொடுமைக்காரப் புருஷனாக இருந்திருந்தால் இந்நேரம் பி. என்று போட்டு, ஆமாய்யா அப்படித்தான் போடுவேன் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றிருப்பாள். மனுசன் தங்கமாக இருந்து தொலைக்கிறாரே! ராத்திரி பாத்திரம் தேய்க்கிறார், பிள்ளைக்குச் சடை பின்னுகிறார், அதுவும் இரட்டைச்சடை, கோணல் இல்லாமல். அவள் வேலை பார்க்க மேஜை வேண்டும் என்றதும் கடையில் மோட்டார் வந்த மரப்பெட்டியைப் பிரித்து அவரே அடித்துக் கொடுத்த மேஜைதான் இது. ஒரு கால் கொஞ்சம் குட்டை, அட்டையை மடித்து அவரே வைத்துவிட்டார். கட்டுரை வரப்போகிறது என்று சொன்ன அன்றைக்கு, கடை முதலாளியிலிருந்து டீக்காரர்வரை ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டு வந்தார். "கோ. செண்பகவல்லின்னு பிரிண்ட்ல வரும் பாரு செம்பா. கரண்டு பில்லத் தவிர எம்பேரு எங்கட்டி அச்சுல வந்திருக்கு?" என்று அவர் சிரித்தபோது அவளும் சிரித்தாள். அன்றைக்குச் சொல்லியிருக்கவேண்டும். மறுநாள் சொல்லியிருக்கலாம். நேற்று ராத்திரி மொட்டைமாடியில் துணி எடுக்கும்போதுகூட வாய்வரை வந்தது. அவரோ காற்று நல்லாயிருக்குல்லா என்றார், ஆமா என்றாள், அதோடு சரி. வேடிக்கை என்னவென்றால் அவருக்கு இனிஷியல் சி., அவர் அப்பா சிதம்பரநாதன். பிறந்ததிலிருந்து சி., செத்தாலும் சி., நடுவில் எவரும் வந்து மாற்றிக்கோ என்று சொல்லவில்லை. பிள்ளை நறுமுகைக்கு கோ., அவளும் ஒருநாள் யாருக்காவது. சேச்சே, இப்போ எதுக்கு அது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. ஒற்றை எழுத்துத்தானே, போனால் போகட்டுமே, அவருக்கு ஒரு சந்தோஷம், ஊரில் இருக்கிற அப்பாவுக்குத் தெரியவா போகிறது? தெரியாது. எனக்குத் தெரியுமே. எனக்கு எவ்வளவு நாளைக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்?

வேலையைப் பார்ப்போம் என்று மறுபடியும் உலகம்மாளிடம் போனாள். களத்துமேட்டுக் கதைகள் ஏற்கெனவே மின்நூலகத்தில் ஏறியிருக்கிறது. ஏற்றுவதற்கு அனுமதி கொடுத்தது யார் என்று பார்த்தால், சுடலைமுத்து, நூலாசிரியரின் கணவர், ஆழ்வார்குறிச்சி, செல்போன் எண்ணோடு. கணவர் என்று போட்டிருந்தால் அந்த அம்மாள் இப்போது உயிரோடு இல்லை என்று அர்த்தம். போன் போடலாமா? போட்டால் என்ன கேட்பது? உங்க மனைவி கல்யாணத்துக்கு முன்னாலே எழுதுவாங்களா ஐயா? என்ன கேள்வி இது! பிரித்தே வை என்றுதான் சட்டம், பிரித்து வைத்துவிட்டுப் போனால் அவளை யாரும் குறை சொல்லப்போவதில்லை. அடுத்த வரிக்குப் போனாள். ஆசிரியர், கட்டு. தலைப்பு, கட்டு. ஆண்டை ஊர் என்று கட்டிவிட்டு, அவிழ்த்தாள். மனசு அங்கே இல்லை. தெருவில் கீரைக்காரம்மா இந்த அகாலத்தில் எதற்கோ கூவிக்கொண்டு போனாள். போனை எடுத்து எண்ணை அடித்துவிட்டாள். அடித்த பிறகு, எடுக்கக்கூடாதே சாமி என்று வேண்டிக்கொண்டாள். எடுத்துவிட்டார்.

"யாரு?" என்றது ஒரு வயசான குரல். பின்னால் டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். மின்நூலகம் என்றாள், புத்தகம் ஏற்றினோமே என்றாள். "ஆமா ஆமா, வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போனாவ. இருங்க தாயி, இந்தச் சனியன அமத்துதேன்." டிவி நின்றது. வீடு எவ்வளவு அமைதியான வீடு என்று இங்கேயே கேட்டது. செண்பகவல்லி தயங்கித் தயங்கி, 1968-இல் வெ. உலகம்மாள் என்று ஒருத்தர் நாற்றங்கால் பாட்டுகள் என்று எழுதியிருக்காங்க, அது உங்க வீட்டம்மாவா இருக்குமோ என்று ஒரு சந்தேகம், என்றாள். "அறுவத்தெட்டா? எங்களுக்குக் கல்யாணம் எழுவதுல. அதுக்கு முன்ன அவ எழுதுவான்னு எனக்குத் தெரியாதே தாயி" என்றார். அப்படியானால் வேறு ஆளாக இருக்கும் ஐயா, மன்னிச்சுக்கோங்க, என்று இவள் அவசரமாக வைக்கப்போனாள். "வைக்காதிய, வைக்காதிய. வெ.ன்னா சொன்னிய? எங்க மாமனாரு பேரு வெள்ளத்துரை. ஊரு தென்காசிக்குக் கிழக்க. நாத்தங்கால் பாட்டு அவ அம்மைக்கு நெறையத் தெரியும், நடவுக்குப் போற பொம்பளையாளு." குரல் கொஞ்சம் இறங்கிற்று. "எப்படிப் போட்டிருக்கு, ஒருக்கா படிங்க." அவள் படித்தாள், பேர், தலைப்பு, இதழ், ஊர், ஆண்டு. "இன்னொருக்கா" என்றார். படித்தாள். டேக் ஒன்றும் இல்லாமல் வாயால் படிக்கும்போது அந்த வரி எவ்வளவு சின்னதாக இருந்தது! "வெ. உலகம்மாள்" என்று அவரே ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "பொண்ணு பாக்கப் போனப்ப அப்படித்தான் சொன்னாவ, வெள்ளத்துரை மக உலகம்மான்னு. கதைப் புத்தகம் போடுறப்ப சு.ன்னு அவளாத்தான் போட்டா தாயி. நான் கேக்கல. எம்பேரப் போடுன்னு நான் கேக்கவே இல்ல. போட்டிருக்கான்னு பெருமையா இருந்தது, அதோட விட்டுட்டேன். பழசு இப்படி ஒண்ணு இருக்கு, அந்தப் பேருலயே எழுதுதேன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா வேண்டாம்னா சொல்லிருப்பேன்? முப்பத்தஞ்சு நாப்பது வருசம் ஒரே பாயில படுத்து எந்திரிச்சோம். எங்கிட்ட ஏன் சொல்லல?" நீங்க வருத்தப்படுவீங்கன்னு நினைச்சிருப்பாங்க ஐயா, என்றாள் செண்பகவல்லி. "நான் என்ன அம்புட்டு மோசமானவனா?" என்றார் அவர். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அந்த இதழ் கிடைத்தால் அனுப்புகிறேன் என்று சொன்னாள். பெரிய எழுத்தாகப் போட்டு அனுப்புங்க, கண்ணு மங்கல் என்றார்.

போனை வைத்துவிட்டு இரண்டு உலகம்மாளுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தாள். இனிஷியலில் கை வைக்கவில்லை, அச்சில் இருந்தபடி அது வெ., இது சு., ஆனால் ஆள் ஒன்று. சேமித்துவிட்டுத் தேடிப் பார்த்தாள், இரண்டு வரியும் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்து நின்றன. அப்பாடா. இன்றைக்குச் சம்பளம் ஜீரணமாகும். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே அந்தக் கேள்வி விடாமல் ஓடியது. எங்கிட்ட ஏன் சொல்லல, நான் என்ன அம்புட்டு மோசமானவனா. ஆழ்வார்குறிச்சிக் கிழவர் கேட்டது கோமதிநாயகத்தின் குரலில் கேட்டது. நான் அவரைத் தங்கம் தங்கம் என்று சொல்லிக்கொண்டே ஒரு நோஞ்சானாக அல்லவா வைத்திருக்கிறேன்? ஒரு எழுத்தைத் தாங்கமாட்டார் என்று நானாக முடிவு கட்டி, மொட்டைமாடியில் காற்று நல்லாயிருக்கு என்று தலையாட்டிவிட்டு வந்தேனே! உலகம்மாளும் இப்படித்தான் ஏதோ ஒரு மத்தியானம், கேட்காமலே விட்டுக்கொடுத்து, விட்டுக்கொடுத்ததைச் சொல்லாமலே இருந்து, போயும் சேர்ந்துவிட்டாள். இப்போது அந்த மனுசன் டிவியை அமர்த்திவிட்டுத் தனியாக உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பார். ஐயோ. மணி பார்த்தாள், நாலடிக்க இன்னும் கொஞ்சம் இருந்தது. பரீட்சை ஹாலில்கூட இப்படி வியர்த்ததில்லை. கட்டின புருஷனுக்கு, அதுவும் பட்டப்பகலில், போன் போட இவ்வளவு பயமா?

"என்னட்டி, பிள்ளைக்கு ஒண்ணுமில்லையே?" என்றுதான் எடுத்தார். ஒன்றுமில்லை என்றாள். பின்னால் யாரோ கேஸிங் பைப் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். "கட்டுரைக்குப் பேரு கேட்டிருக்காவ. நாலு மணிக்குள்ள சொல்லணும். எனக்கு பி. செண்பகவல்லின்னு போடணும்னு ஆசை. அந்த வேலை அந்தப் பேருல பாத்தது. உங்கட்ட மொதல்லயே சொல்லிருக்கணும், சொல்லல." ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். கடை இரைச்சல் மட்டும் வந்தது, ஒரு லாரி ஹாரன் அடித்தது, பைப்காரர் மறுபடியும் விலை கேட்டார். "ஏன் சொல்லல?" என்றார் கோமதிநாயகம். "நீங்க வருத்தப்படுவியளோன்னு." "வருத்தம்தான்" என்றார் அவர். மறைக்காமல் அப்படியே சொன்னார், அவளுக்குச் சுருக்கென்றது. "முதலாளிட்ட சொன்னேன், டீக்கடையில சொன்னேன், உங்க அப்பாவுக்குக்கூடப் போன் போட்டு கோ.ன்னு வருது மாமான்னு சொல்லிட்டேன்லா." அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாட்டயா, அப்பா என்ன சொன்னாவ, என்றாள். "சந்தோஷம் மாப்ளன்னு சொன்னாரு. சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. சிக்னல் இல்லையோன்னு நான் வச்சிட்டேன்." பிறகு அவர்தான், "சரி, பி.ன்னே அனுப்பு. ஆளு காத்து நிக்கி. நான் சாயங்காலம் வந்து வருத்தப்பட்டுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, அண்ணாச்சி எத்தனை அடி சொன்னிய, என்று பைப்காரரிடம் திரும்பிவிட்டார்.

செண்பகவல்லி போனைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வரட்டும் என்று விட்டாள். லூர்துசாமிக்கு இரண்டே சொல்லில் பதில் அடித்தாள், பி. செண்பகவல்லி, அனுப்பிவிட்டாள். பட்டியலில் இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருந்தது, நாளைக்கும் அது அங்கேதான் இருக்கும். வருத்தப்படுவதற்கென்று சொல்லிவைத்துவிட்டு வீட்டுக்கு வருகிற மனுசனுக்கு மத்தியானத்துப் புளிக்குழம்பையா சுடவைத்து ஊற்றமுடியும்? உளுந்தஞ்சோறு ஆக்கி எள்ளுத்துவையல் அரைத்து வைத்தால், எவ்வளவு வருத்தம் இருந்தாலும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எள்ளை வறுக்க எழுந்தாள்.